நியூ பாரடைஸ் நகர் முன்னாள் தலைவரின் அடைக்கல விண்ணப்பம்

அன்புள்ள மாப்பிள்ளை கணேசனுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து உன் அத்தான் துரைப்பாண்டி எழுதுவது. உன் அக்கா முத்துமாரியம்மாள் மிக மிக நலம். நான் நலமில்லை. திருவேங்கடத்தில் உன் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதா? எனக்கு அவசரமாக அரசியல் அடைக்கலம் தேவைப்படுகிறது.

எங்கள் நகரில் மனை விற்ற புரமோட்டர், மோட்டார் ரூம் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மனமிருந்தால் தண்ணீர் விட்டான், இல்லாவிட்டால் இல்லை. அந்த வெள்ளைக்காரனை விரட்டியது யார்? நான். கேட்டில் உட்கார்ந்து போராடிச் சாவியை வாங்கிய அன்று சனங்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். என் எடை காரணமாகப் பாதித் தெருவிலேயே இறக்கியும் விட்டார்கள். தேர்தல் வரும்வரை நீங்களே தலைவர் என்றார்கள். இருந்தேன். நாட்டைக் கட்ட வேண்டாமா? கொடி ஏற்றினேன், ஒலிபெருக்கி வைத்தேன், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் என்பதால் குளிப்பதற்கு, துணி காயப்போடுவதற்கு, குக்கர் விசிலடிப்பதற்கு என எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தேன். பொங்கலுக்குத் தேர்தல் என்று அறிவித்தேன். பொங்கலன்று மக்கள் சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் கெடுப்பானேன் என்று ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தள்ளினேன். தபசு முடிந்ததும் பார்த்தால் மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. எதிர்த்துப் பேசியவர்கள் வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது வால்வின் கோளாறு. வால்வைத் திருகியது நான்தான் என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில், தையல் கடை வைத்திருக்கும் ஷாஹின் பானு என்ற பிள்ளை, நான் காலை அறிவிப்பு செய்துகொண்டிருந்தபோது மைக்குக்கு அருகில் வந்து, "அண்ணாச்சி, நாங்க ஓட்டுப் போடவா, இல்ல எங்க ஓட்டையும் நீங்களே போட்டுக்கிடுதியளா?" என்று கேட்டது. மைக் ஓடிக்கொண்டிருந்ததால் நகரே சிரித்தது. ரோஷத்தில், ஞாயிற்றுக்கிழமையே தேர்தல் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையே என்னை எதிர்த்து நின்றது. படுதோல்வி, மாப்பிள்ளை. எண்ணிக்கையில் மோசடி என்று கத்தினேன். எண்ணியது நான்தான் என்று பிறகுதான் நினைவு வந்தது. உடனே மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, ஆட்சி மாறவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். கரண்ட் போய்விட்டது. கதவை உடைப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர்களோ வெளியே அடுப்பு மூட்டி வெற்றி பிரியாணி போட்டார்கள். உன் அக்கா கதவைத் தட்டினாள்.

"ஏங்க, உள்ளயே எவ்வளவு நேரம் இருப்பிய?"

"ராணுவமே வந்தாலும் வெளிய வரமாட்டேன்!"

"ராணுவம் எதுக்கு? லெக்பீஸ் எடுத்து வச்சிருக்கு, ஆறிப் போவுது."

ஆட்சி கவிழ்ந்தது. சாவியை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். வாங்கியதும், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று என்னிடமே கேட்டது.

இப்போது எனக்கு யாரும் வணக்கம் வைப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலும் அட்மின் பதவி போய்விட்டது. அதனால்தான் இந்தத் தபால். இந்த மண்ணில் இனி என்னால் வாழ முடியாது. உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும், முன்னாள் தலைவர் என்ற முறையில்.

இப்படிக்கு,
துரைப்பாண்டி

பின்குறிப்பு: மாடி அறையைப் பெருக்க வேண்டாம். நேற்று கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஷாஹின் பானு வந்தது. "அண்ணாச்சி, நான் எதைச் சொன்னாலும் எல்லாரும் சரி சரிங்காவ. பயமா இருக்கு. தப்புன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க எதிர்க்கட்சியா இருங்களேன்" என்றது. "அவியள விட்டா அதுக்கு ஆளே கெடையாதும்மா, வீட்டுல அதைத்தான் பாக்காவ" என்று உன் அக்கா அடுக்களையிலிருந்து சிபாரிசு செய்தாள். ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை, இப்படி ஒரு வேலை இருப்பதை ஏன் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை? பொறுப்பே கிடையாது, குறை மட்டும் சொன்னால் போதும்! இன்று காலை மோட்டார் தாமதம். நேராக அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்று, ராஜினாமா செய் என்று கத்தினேன். மன்னிப்புக் கேட்டு டீ கொடுத்தது. குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன்.