கொட்டச்சேடு டிராம்

ஆபீஸ் அறையில் எஸ்டேட் ரைட்டர் இருந்தார். மேரியக்கா இருந்தார், நிறைமாதம். லாரி டிரைவர் நான் இருந்தேன். டிராம்காரர் இருந்தார், மடியில் பித்தளை மணி.

ஏற்காட்டு மலையில் டிராம் விட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். தண்டவாளம் கிடையாது. வண்டி என் லாரி.

மதராஸில் டிராம் கண்டக்டராக இருந்தவர். அங்கே டிராம் நின்றபின் எங்கெங்கோ சுற்றி, எழுபதுகளில் எனக்குக் கிளீனராக வந்தார். படுக்க இடம் தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் ஓர் அறை. வேறு ஊடு கிடையாது.

சனிக்கிழமை எஸ்டேட் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காடு டவுன் ஒண்டிக்கடைக்கு லாரியில் காப்பி மூட்டை போகும். வழியில் பெண்கள் ஏறுவார்கள். அவர் மணியை ஒருமுறை அடித்தால் நிற்கணும், இருமுறை அடித்தால் கிளம்பணும். முதல் வளைவுக்கு ராயபுரம் என்று பேர் வைத்தார். பலாமரம் மவுண்ட் ரோடு. சர்ச் ஏற்றம் மயிலாப்பூர். இப்படி மொத்தம் பதினொரு ஸ்டாப். மதராஸையே பார்க்காத மேரியக்கா, “நான் மயிலாப்பூர்ல ஏறிக்கிறனுங்க” என்பார்.

ஒண்டிக்கடையில் நான் லாரியைத் திருப்பினால் டிராம்காரருக்கு முகம் சுருங்கும்.

“டிராம் எப்படீங்க திரும்பும்?” என்று கேட்டேன்.

“அது எதுக்குத் திரும்போணும்? ரெண்டு பக்கமும் மொகந்தான். டிரைவர் கைப்பிடியக் கழட்டிக்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிருவாரு.”

அன்றிரவு வெகுநேரம் அதையே யோசித்தேன்.

ஒருநாள் நின்று நின்று போனதில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டை நனைந்தது. ரைட்டரிடம் சொன்னவன் நான்தான். அதனால்தான் இந்த விசாரணை.

“ஏனய்யா, மழை வர்றப்ப எதுக்கு நிறுத்துன?” என்று டிராம்காரரைக் கேட்டார் ரைட்டர்.

“ஆள் நின்னாங்க சார்.”

“மூட்டை நனைஞ்சா காஞ்சிருமுங்க. அந்த ஏத்தத்துல நான் உழுந்தா?” என்றார் மேரியக்கா.

டிராம்காரர் மெதுவாகச் சொன்னார்: “மொதல்ல மதராஸ்ல கரண்டு கம்பி ரோட்டுக்கு அடியில ஓடுச்சு சார். மழத்தண்ணி நின்னா வண்டி நின்னுரும். அப்புறம் கம்பியத் தூக்கி மேல கட்டுனாங்க. ஆளுங்கள எறக்கி உடல. நீங்க ஒரு தார்ப்பாய் குடுங்க.”

“தார்ப்பாய் தர்றேன். ஆனா மணி அடிச்சா அன்னிக்கே அறையைக் காலி பண்ணோணும்.”

அடுத்த சனிக்கிழமை டிராம்காரர் மணியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராயபுரத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

ஒண்டிக்கடையில் ரைட்டர் காத்திருந்தார்.

“மணி அடிச்சானா?”

“இல்லீங்க.”

“எத்தனை இடத்துல நின்ன?”

“பதினொண்ணுங்க.”