நாலு பேய்ப் படமும் ஒரு கிலோ ஏலக்காயும்

போடியில் பிறந்தவன் கையில் ஏலக்காயைக் கொடுத்தால், அவன் முதலில் அதை உரித்துப் பார்ப்பான், பிறகு மோந்து பார்ப்பான், அதற்குப் பிறகுதான் கொடுத்தவர் முகத்தையே பார்ப்பான். இது ஏதோ பெரிய குற்றம் என்பதுபோல என் மாமனார் வீட்டில் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். குற்றம் என்னுடையதா, அந்த ஏலக்காயுடையதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஏலக்காய்க் கடை ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. கௌசல்யாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது (மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்). அவளுடைய அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே மலையில் ஏலத்தோட்டம். அவர் சொல்லி அனுப்பிய பதிலைத் தரகர் கொண்டுவந்தார்.

“பையன் தங்கமான பையன்தானாம். ஆனா கரண்டு போனா அம்மாவக் கூப்புடுறான்னு யாரோ சொல்லிப்புட்டாக. தோட்டத்துல ராத்தங்கணும். காட்டுமாடு வரும், யானை வரும். பயந்தாங்கொள்ளிக்குப் பொண்ணு தரமாட்டேங்குறாரு.”

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவன் நன்றாக இருக்கட்டும். கரண்டு போனால் நான் அம்மாவைக் கூப்பிடுவது மெழுகுவர்த்தி எங்கே என்று கேட்பதற்காக. இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

அந்த வாரம் பார்த்து எங்கள் ஊர்த் தியேட்டர் வாசலில் விளம்பரத் தட்டி வைத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி தொடங்கி விடிய விடிய நான்கு பேய்ப் படங்கள். கத்தாமல், தூங்காமல், படம் ஓடும்போது இருக்கையை விட்டு எழாமல் கடைசிவரை இருப்பவருக்கு மேடையில் ஒரு கிலோ ஏலக்காய் பரிசு. கௌசல்யாவின் அண்ணன் செல்லப்பாண்டி எனக்குப் போன் செய்தார்.

“மாப்ளே, நானும் வர்றேன். பக்கத்துலயே உக்காந்து பாக்குறேன். நீங்க மட்டும் தாக்குப்பிடிங்க, அப்பாகிட்ட நான் பேசுறேன்.”

ஆக, என் கல்யாணம் நான்கு பேய்களின் கையில் இருந்தது.

முதல் படத்தில் பெயர் ஓடும்போதே திரையில் மேலிருந்து ஒரு கூந்தல் இறங்கியது. நான் குரங்குக் குல்லாயைப் புருவம்வரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடக் கூடாது என்று தட்டியில் எழுதவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்திருந்தேன். தூங்குபவர்களைப் பிடிக்க டார்ச் அடித்துக்கொண்டு ஒருவர் வருவார். அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்து, அவரையே பார்ப்பேன்.

ஆனால் காதை என்ன செய்வது? கொலுசுச் சத்தம், கதவுச் சத்தம், குழந்தை சிரிக்கும் சத்தம். (செத்துப்போன பிறகும் கொலுசு எதற்கு என்று கேட்க ஆள் இல்லை.) கவனத்தைத் திருப்பச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். கடையில் எடுத்த சாம்பிள் ஏலக்காய், இரண்டு கைப்பிடி, பொட்டலத்தில் அப்படியே இருந்தது.

பிரிக்க ஆரம்பித்தேன். பெரியது வலது பைக்கு, சிறியது இடது பைக்கு, வாய் வெடித்தது மடிக்கு. தொட்டாலே அளவு தெரியும் எனக்கு. எல்லாம் முடிந்ததும் மூன்றையும் கலந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பிரித்தேன். இரண்டாவது படத்தில் முன்வரிசை ஆள் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மூன்றாவது படத்தில் செல்லப்பாண்டியே என் தொடையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, கெணத்துக்குள்ள இருந்து வருதே, பாக்குறீங்களா?”

“பாக்குறேன் மச்சான்” என்றேன், சிறியது ஒன்றை இடது பையில் போட்டபடி.

விடிந்து விளக்குப் போட்டபோது தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் எப்போதோ ஒருமுறை கத்தியவர்கள். ஜெயித்தது நான் ஒருவன்தான். செல்லப்பாண்டி என்னைக் கட்டிப்பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். அங்கே பரிசுப் பையோடு நின்றது கௌசல்யாவின் அப்பா. பரிசுக்கு ஏலக்காய் கொடுத்ததே அவர்தானாம். தோட்டத்துக்குப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

செல்லப்பாண்டி அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் மைக்கைப் பிடித்தார். “இவருதான் நம்ம வீட்டுக்கு வரப்போற மாப்ள” என்றார். கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பையைக் கையில் கொடுத்தார். ராத்திரி முழுக்க ஒரே வேலையைச் செய்த விரல்கள், என்னைக் கேட்காமலே உள்ளே போய் ஒன்றை எடுத்தன. உரித்தன. நான் மோந்து பார்த்தேன். விரலில் எச்சில் தொட்டுத் தோலைத் தேய்த்தேன். விரலில் பச்சை ஒட்டியது.

“இது பழைய சரக்கு. கலர் ஏத்திருக்கு” என்றேன்.

மைக் என் வாய்க்கு நேராக இருந்ததை நான் கவனிக்கவில்லை. தூங்கியவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “மணம் இருக்கா தம்பி?” என்று கேட்டார். பெரியவர் கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை.

“இல்லண்ணே.”

கௌசல்யாவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். வாசலில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. செல்லப்பாண்டி என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கிணற்றுக்குள்ளேயே நான் போயிருக்கலாம் என்று தோன்றியது.

மட்டமான சரக்கைக் கொடுத்தவர் அவர். திட்டு வாங்கியது நான். வீட்டில், கடையில், தெருவில், முடிவெட்டும் இடத்தில், எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?” ஒருத்தராவது ஏலக்காயைக் கேட்டாரா என்றால் இல்லை.

நான்காம் நாள் கௌசல்யா போன் செய்தாள்.

“எங்க வீட்டுல கொழம்புல உப்பு இல்லாட்டிக்கூட அப்பாகிட்ட யாரும் வாயத் தொறக்க மாட்டோம். நீங்க மைக்குல சொல்லிட்டீங்க. பேயி கெடக்குது. உங்களத்தான் கட்டிக்குவேன்னு சொல்லிட்டேன்.”

போனை வைத்த பிறகு அழுதேன். அதையும் யாரோ பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

கல்யாணம் நடந்தது. மாமனார் என்னை மன்னிக்கவில்லை, வேலை கொடுத்தார். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், விடியும்வரை தீயைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். எட்டு வருடமாக, அறுப்புக் காலத்தில் ஆள் வராத ராத்திரிகளில் எல்லாம் என்னைத்தான் அனுப்புகிறார். “மாப்ள போகட்டும். நாலு பேயப் பாத்தவரு” என்கிறார். சுற்றிலும் காடு. வெளியே எது நடந்தாலும் எனக்குக் கொலுசுச் சத்தமாகத்தான் கேட்கிறது.

இதில் பெரிய கொடுமை, வீட்டில் எல்லோரும் கூடும்போது கௌசல்யா அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்பதுதான். “ஏங்க, அந்த மூணாவது படத்துல கெணத்துக்குள்ள இருந்து வந்தது கடைசில யாரு?” நானும் விடாமல் ஒரு கதை சொல்வேன். இந்தப் பொங்கலுக்கு, அது வீட்டுக்காரனின் முதல் மனைவி என்றேன்.

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“போன வருசம் தங்கச்சின்னு சொன்னீக. அதுக்கு முந்துன வருசம் வேலக்காரின்னு சொன்னீக” என்றார். பிறகு நிதானமாக விரலில் எச்சில் தொட்டு, என் முழங்கையைத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கலர் ஏத்திருக்கு” என்றார்.