கவராயம் அக்காவும் ஏழு பெண்களும்

ஒஸ்லோவில் நான் கண்ட மனிதர்களிலேயே அதிகம் கோபப்பட்டவரும், அந்தக் கோபத்தில் அதிகம் சரியாக இருந்தவரும் ஒரே ஆள்தான். கவராயம் அக்கா. யாழ்ப்பாணத்தில் நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இங்கே எங்கள் துப்புரவு நிறுவனத்தில் வேலை செய்தார், நான் மேற்பார்வையாளன். கைப்பையில் எப்போதும், வட்டம் வரையவும் தூரம் அளக்கவும் உதவும் ஒரு பித்தளைக் கவராயம் இருக்கும். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் தான் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் வாகனத் தரிப்பிடப் படம் அளவுப்படி இல்லை என்று குடியிருப்போர் கூட்டத்தையே கலைத்தவர். கேக்கைச் சமமாக வெட்டவில்லை என்று என் கையிலிருந்த கத்தியைப் பறித்தவர். அன்று என் பிறந்தநாள்.

அந்த வருடம் நகர நடுவில் ஒரு சின்னக் கலைக்கூடத்தைத் துடைக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அங்கே நானூறு வருடத்துக்கு முந்திய ஏழு செப்புத்தகட்டு அச்சுப்படங்களை மாட்டியிருந்தார்கள். படித்தவர் என்றால் கற்றிருக்க வேண்டும் என்று அக்கால ஐரோப்பா நினைத்த ஏழு கலைகளையும் ஏழு பெண்களாக வரைந்த படங்கள். இலக்கணத்தின் கையில் அரம், தருக்கத்தின் கையில் பாம்பு.

“இவளை எங்கடை சங்கக் கூட்டத்துக்கு அனுப்பவேணும்,” என்றார் அக்கா, பாம்பைப் பார்த்து. ஏழு பேரில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

மூன்றாம் நாள் காலை வாளியைத் தொம்மென்று வைத்தார்.

“தம்பி, இஞ்சை வா. கவராயத்தாலை உருண்டையை அளக்கிறவள் ஆர்?”

பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை வாசித்தேன். “வானியல் எண்டு போட்டிருக்கு, அக்கா.”

“அண்ணாந்து நட்சத்திரம் பாக்கிறவள்?”

“கேத்திரகணிதம்,” என்றேன். கோடும் வட்டமும் அளக்கும் கணிதம்.

“விசரங்கள்! மாத்தி ஒட்டியிருக்கிறாங்கள்!”

கண்காட்சிப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, “உங்கள் கருத்துக்கு நன்றி,” என்றார். நாலு தரம் சொன்னார் அக்கா; நாலு தரமும் நன்றி கிடைத்தது. வாளியோடு நிற்கும் ஒருத்திக்குச் சொல்லப்படும் அந்த நன்றிக்கு, ‘போய்த் துடை’ என்று பொருள். ஐந்தாம் தரம் அக்கா யாரையும் கேட்கவில்லை. அட்டைகளைக் கழற்றித் தானே மாற்றி ஒட்டிவிட்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். “காட்சிப் பொருளைத் தொட்டது பாரிய தவறு,” என்றார் பொறுப்பாளர். அக்கா தன் கவராயத்தை மேசையில் வைத்து, தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் ஒரே வசனம்தான் சொன்னார்: “படத்தின் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள், அடியில் பெயர் இருக்கும்.”

கழற்றினார்கள். படத்தைச் சுற்றி வைத்த காகித விளிம்பு, அடியில் செதுக்கியிருந்த எழுத்தை மறைத்திருந்தது. ‘ஜியோமெத்ரியா.’ கேத்திரகணிதமேதான்.

பொறுப்பாளரின் காது சிவந்தது. அட்டைகள் இப்படியே இருக்கட்டும் என்றார். ஆனால் இந்தப் பெண் இனி இங்கே வரக்கூடாது என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிடப் பெரிய கோபம் என்மேல்தான். இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

“கடிதத்தை வாசிச்சனியோ?” என்று கேட்டார் அக்கா.

“ஓம், அக்கா.”

“வாசிச்சுப்போட்டுமே கையெழுத்துப் போட்டனி?”

பஸ் கழுவும் இடத்துக்குப் போனார். மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பிடித்து, என் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை சரிந்து கிடக்கிறது, வெட்கமில்லையா என்று அரைமணி நேரம் ஏசினார். என் வாசல்வரை வந்துவிட்டு, மணியை அடிக்காமல் திரும்பியிருக்கிறார். ஏச்சு முடிந்துவிடக் கூடாதே என்று நான் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.