சபாபதி கடையில் ஒரு போர் விமானம்

"இன்னாபா தம்பி, ரெண்டு ஃபேனும் இடமா சுத்துது?"

பட்டுக்கடை சபாபதி இப்படிக் கேட்டதும் தினகரன் அண்ணாந்து பார்த்தான். அவன் செய்த இரட்டை எஞ்சின் போர் விமானம் கடையின் நடுவில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. குட்டி மோட்டார் இரண்டு, புரொப்பெல்லர் இரண்டு, உடம்பெல்லாம் வெள்ளி நிறம்.

சபாபதியின் அப்பா உலகப் போர்ச் சமயத்தில் இப்படிப்பட்ட விமானங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். மகனுக்கு நாலு வயதாகும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால், அதற்கு மேல் விவரம் சபாபதியிடம் கிடையாது. ஆனால் புது மாடித் திறப்புக்கு அந்த விமானம் வேண்டும்.

"எங்கப்பா பெயிண்ட் அடிச்ச அதே பிளேன். தப்பு இல்லாம செஞ்சிக் குடு, எம் பொண்ணு அனுவைக் கட்டித் தரேன். ஒரே ஒரு தப்பு இருந்தாலும் வந்த வழியே போய்க்கினே இரு" என்று அவர் சொன்னபோது, அனுவைவிடத் தினகரன்தான் துள்ளிக் குதித்தான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலை போக மிச்ச நேரமெல்லாம் குட்டி விமானம் ஒட்டுகிற ஜன்மம் அவன். பெரியவர் பெயிண்ட் அடித்தது அரக்கோணத்து விமானத்தளத்தில்தான் என்று அவனே முடிவுகட்டி, மொஸ்கிட்டோ என்கிற பிரிட்டிஷ் விமானத்தைச் செய்தான். "எங்கப்பா பச்சை அடிச்சேன்னு சொல்வாரேபா" என்றார் சபாபதியின் அக்கா தேவகி. "இந்த வெயிலுக்கு வெள்ளிதான் அத்தை" என்று சிரித்துவிட்டான்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"சார், விமானி சீட்லேர்ந்து பாத்தா வலமாத்தான் சுத்துது. நாம முன்னாடி நிக்கறதால..."

"கஸ்டமரும் முன்னாடிதானே நிப்பாங்க? விமானியா பொடவை வாங்கப் போறான்? கோயில் ஊர்ல இடமா சுத்தற கடைக்கு எவன் வருவான்?"

பாதி உண்மை, பாதி சாஸ்திரம் என்று சமாதானம் செய்துகொண்டு, தினகரன் ஒரு மோட்டாரின் ஒயரை மட்டும் மாற்றிப் போட்டான். ஸ்விட்சைத் தட்டினான். ஒரு எஞ்சின் முன்னால் இழுக்க, இன்னொன்று பின்னால் தள்ள, விமானமே கிறுகிறுவென்று சுழன்று விபூதித் தட்டை இறக்கையால் ஓர் அடி அடித்தது. சபாபதிக்கு உச்சி முதல் மீசை வரை விபூதி.

"நிறுத்துபா!"

பதறிப்போய் இரண்டாவது ஒயரையும் மாற்றினான். இரண்டும் வலமாகச் சுற்றின. சபாபதி கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் விமானம் பின்பக்கமாகவே நகர்ந்து, குத்துவிளக்குச் சுடரில் போய் வாலை வைத்தது.

கருகிய வாலோடு விமானத்தை மேஜைமேல் இறக்கினார்கள். விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கையில் கிடைத்தது கடை ஷட்டருக்கு அடித்து மிஞ்சிய கரும்பச்சைப் பெயிண்ட்தான். அழாத குறையாக அதையே உடம்பு முழுக்கப் பூசினான். இறக்கையில் பிரிட்டிஷ் அடையாளமாக இருந்த நீல வட்டங்களை மட்டும் தொடவில்லை. அதுவாவது உண்மையாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தேவகி குங்குமச் சிமிழோடு வந்து, ஒரு வட்டத்தின் நட்டநடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம். தினகரனால் முடியவில்லை.

"அத்தை! சிவப்பு வேணாம்! அது ஜப்பான் பிளேன் ஆயிடும்! அந்தக் குழப்பம் வரக்கூடாதுன்னுதான் இந்தப் பக்கம் பறந்த பிளேன்ல வெள்ளைக்காரன் நடுவுல இருந்த சிவப்பையே எடுத்துட்டான்!"

அனு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்போ தப்புன்னு நீயே சொல்ற?" என்றார் சபாபதி, விபூதியைத் துடைத்தபடி.

தினகரனின் கண் கலங்கிவிட்டது. "ஆமா சார். முழுக்கத் தப்பு."

தேவகி நிதானமாக அடுத்த இறக்கையிலும் பொட்டு வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தார்.

"இன்னாடா தப்பு? பச்சை உடம்பு, சிவப்பு வட்டம், அப்பா சொன்னது அப்படியே இருக்குது. அவரு ரங்கூன்ல ஜப்பான்காரனுக்குத்தானேடா பெயிண்ட் அடிச்சிக்கினு இருந்தாரு!"