சிங்கராஜாவுக்கு வந்த படை

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்குப் படை வந்தது. எதிரிப் படை இல்லை. சொறியச் சொறியப் பரவுகிற படை. ஒரே மாதத்தில் பிடரி மயிர் பாதி கொட்டிப்போனது. பிறகு மான், முயல், கீரி என்று காடே மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"போன வருஷம் அக்கரையிலிருந்து வந்தானே கரடி உச்சிமாகாளி, அவன் கொண்டுவந்ததுதான். உடம்பெல்லாம் முடி. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?" என்றது மந்திரி கழுதைப்புலி.

கரடியைக் குடும்பத்தோடு வெளியேற்ற நாள் குறித்தார்கள். பதறிப்போன கரடி, பரிசோதனைக்கூடம் வைத்திருந்த தேவாங்கு அமுதினியிடம் ஓடியது.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு சொறிகூட இல்லையே!"

"கண்ணால பார்த்தா எல்லாப் பூஞ்சையும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், அண்ணே. அதோட மரபணுவில அடையாளம் இருக்கு. அதைப் படிச்சா என்ன வகை, யாருகிட்டருந்து கிளம்பிச்சுன்னு தெரிஞ்சிடும்."

தேவாங்கு எல்லார் தோலையும் கொஞ்சம் சுரண்டி எடுத்தது. ராஜாவுடையதைச் சுரண்டும்போது மட்டும் இரண்டு முறை வணங்கியது. ஒன்பது நாள் கண் விழித்துப் படித்துவிட்டுச் சபைக்கு வந்தது.

"எல்லார் மேலயும் இருக்கிறது ஒரே பூஞ்சை. மூலம் மகாராஜாவோட பிடரி. தன் தோளில கிடக்கிற பொன்னாடையையே எல்லாருக்கும் போர்த்திட்டு, மறுபடி வாங்கிப் போட்டுக்கிறாரே, அதுல பரவியிருக்கு. கரடிகிட்ட எதுவுமே இல்லை. இந்தாங்க களிம்பு, மூணு வாரம் தடவுங்க."

சிங்கம் எழுந்தது. கழுதைப்புலி முந்திக்கொண்டது.

"கேட்டீர்களா மக்களே! நம் உடம்பில் இருப்பது ராஜ பரம்பரை!"

கைதட்டல் காட்டைப் பிளந்தது. "நமக்குள்ள ஒரு களை இருக்குன்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றது முயல், சொறிந்துகொண்டே.

மறுநாள் காலை பரிசோதனைக்கூட வாசலில் ஆற்றங்கரை வரை வரிசை. ராஜவம்சச் சான்றிதழுக்கு மூன்று பிரதி விண்ணப்பம், தோல் தூள் ஒரு சிட்டிகை. அவசரப்பட்டு முன்பே எங்கோ களிம்பு வாங்கித் தடவிக் குணமாகியிருந்த கீரி, அடுத்தவர் முதுகில் உரசிக்கொண்டு அழுதது.

பரம்பரை இல்லாதவன் என்று கரடியை அன்றைக்கே வெளியேற்றினார்கள். மூட்டையோடு வந்து நின்றது கரடி.

"அம்மா, உங்க சோதனையில நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

தேவாங்கால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சோதனை ஜெயிச்சிடுச்சு, அண்ணே. நீங்க இருட்டுறதுக்குள்ள ஆத்தைத் தாண்டிடுங்க."

நீதி: குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் முன், குற்றத்துக்கு என்ன பரிசு தருகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளவும்.