அனுமதியின்றி நகலெடுத்த மூக்கு

அந்த அலுவலகத்தில் நகலெடுக்கும் எந்திரம் ஒன்று. அதை ஓட்டுகிறவரும் ஒருவர். பதினெட்டு வருடமாக எல்லோரும் நகலர் என்றே கூப்பிட்டதில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. கையெழுத்துள்ள தாள் வந்தால் இருநூற்று நாற்பது பிரதி போடுவார். தாளைப் படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. இரண்டு நாள் லீவு கேட்டு இணை இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

இணை இயக்குநர் எதையும் முறைப்படி விசாரிக்கிறவர். அலுவலக டாக்டரம்மாவை வரவழைத்தார்.

"இந்தக் கிருமி எப்படிம்மா இவ்வளவு பெருகுது?"

"அதுக்குத் தானாப் பெருகத் தெரியாது சார். மூக்குல இருக்கிற செல்லுக்குள்ள நுழைஞ்சு, அந்தச் செல்லை வச்சே தன்னை நகலெடுத்துக்கும். செல் இல்லேன்னா அது சும்மா கிடக்கிற தூசு."

"அப்ப வேலை பார்க்கிறது?"

"செல்லுதான்."

"செல் யாரோடது?"

டாக்டரம்மா தயங்கி நகலரைப் பார்த்தார்.

"பாத்தீங்களா! எவனோ வெளியாள் வந்து நிக்கிறான். இவரோட செல்லு ஆபீஸ் நேரத்துல, மேலிட அனுமதி இல்லாம, கோடிக்கணக்குல நகலெடுத்துக் குடுக்குது. இதுல லீவு வேறயா?"

மாலையே குறிப்பாணை வந்தது. நகலர் வழக்கம்போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "தங்கள் நாசியில் நிகழ்ந்த அங்கீகாரமற்ற நகலெடுப்பு குறித்து நாளைக்குள் தக்க விளக்கம் அளிக்கத் தவறின் பணிநீக்கம் செய்யப்படுவீர்" என்று டாக்டரம்மா படித்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

விடிய விடிய யோசித்து விளக்கம் எழுதினார்: "ஐயா, என் செல்கள் என்னிடம் வளர்ந்தவை. வந்த தாள் பார்வைக்கு ஒழுங்காக இருந்தால் நகலெடுக்கும். உள்ளே என்னவென்று பார்க்காது. நம் அலுவலகத்தில் இதற்கு விசுவாசம் என்று பெயர்."

இணை இயக்குநர் அதைப் படிக்கவில்லை. மூலையில் 'பிரதியெடுத்து அனைவருக்கும் வழங்குக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நகலர் மூக்கைத் துடைத்த கையாலேயே மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியவர்கள் படிக்காமல், மூக்கைத் தேய்த்துக்கொண்டே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அலுவலகமே தும்மியது. எல்லா மூக்கையும் விசாரித்தால் தன் மூக்கும் அகப்படும் என்று கண்ட இணை இயக்குநர் ஒரே உத்தரவில் விஷயத்தை முடித்தார். நகலருக்கு அன்று உடம்பு தேவலை. உற்சாகமாக இருநூற்று நாற்பது பிரதி போட்டு, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்களன்று அவர் நாற்காலியில் தபால் பிரிவு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, என் சீட்ல?"

"உங்களை வேலையை விட்டு எடுத்தாச்சேண்ணே. அந்த ஆர்டரை நீங்கதானே எல்லாருக்கும் குடுத்தீங்க?"

"அது அந்த ஆர்டரா? நீ படிச்சியா?"

"நான் எங்க படிச்சேன்? டாக்டரம்மா படிச்சுச் சொன்னாங்க."

எந்திரத்தின்மேல் புதிதாக ஒரு தாள் இருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக நகலர் குனிந்து படித்தார். அலுவலகத் தாள்களைப் படிப்பதாகத் தெரியவந்துள்ளதால் டாக்டரம்மா உடனடியாக நீக்கப்படுகிறார் என்றிருந்தது.

"நிறுத்துய்யா! இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு!"

"எனக்கெதுக்குண்ணே வம்பு? கையெழுத்து இருக்கில்ல" என்று அவர் தாளின்மேலேயே தும்மிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.