வெற்றிலை விற்காத கடை

தேர்தலே நடக்காத ஊரில் தேர்தல் நடத்திக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் நோர்பரி அன்னம் அண்ணைதான்.

2009 முடிகிற நேரம். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்திருந்தார்கள். பதவியில் இருந்தவருக்கு வெற்றிலைச் சின்னம், எதிர்த்து நின்றவருக்கு அன்னம். லண்டன் நோர்பரியில் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் வோட்டுக் கிடையாது. சண்டை பிடிக்க வோட்டு எதற்கு?

அண்ணை சாமான்கடை வைத்திருந்தார். தாம் அன்னத்தின் பக்கம் என்று முடிவெடுத்த அன்றே வெற்றிலை விற்பதை நிறுத்திவிட்டார். அது இருந்த இடத்தில் புடலங்காய் ஏறியது. திவசத்துக்கு வெற்றிலை கேட்டு வந்த ஒரு அப்பாவியிடம், தேர்தல் முடியும்வரை பாக்கை மட்டும் வைத்துச் சமாளிக்கச் சொன்னார். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் அன்னம் அண்ணை என்ற பெயர்.

எதிர்த்தரப்பு, தினமும் பாண், அதாவது ரொட்டி, வாங்க வரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கும் வெற்றிலைக்காரர்மேல் காதல் ஒன்றும் இல்லை. தெரியாத பேயைவிடத் தெரிந்த பேய் மேல் என்பது அவர் கட்சி. இருவரும் ஆளுக்கொரு மரவள்ளிக்கிழங்கை நீட்டி நீட்டி வாதாடுவார்கள். பால் வாங்கப் போய் நடுவில் மாட்டிக்கொண்டு எத்தனை ஷிப்டுக்குப் பிந்தினேன் தெரியுமா? ஒருநாள் வாத்தியார், இந்தக் கடைப்படி இனி மிதிக்கமாட்டேன் என்று பாணை வைத்துவிட்டுப் போயேவிட்டார்.

இந்த லட்சணத்தில் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மார்கழிக்கு முந்திய கடைசி நல்ல நாளில் தாம்பூலம் மாற்ற ஏற்பாடு. பதினொரு மணிக்கு வெஸ்ட் ஈலிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பத்தரைக்கு அண்ணையின் மனைவி தட்டத்தை எடுத்தார். பழம், பாக்கு, மஞ்சள் எல்லாம் இருந்தன. வெற்றிலை இல்லை. நோர்பரிக்கே வெற்றிலை கொடுத்த வீடு!

வருகிறவர்கள் உட்காரக் கதிரை அடுக்கப் போயிருந்த நான் கடைகடையாகப் போன் அடித்தேன். கிட்ட உள்ள ஒரு இடத்திலும் இல்லை. மாப்பிள்ளையின் தாயோ தும்மினாலும் சகுனம் பார்க்கிற மனுஷி.

"பிள்ளையின்ர காரியத்தைவிட உங்களுக்கு அன்னம் பெரிசோ?" என்று மட்டும் கேட்டார் மனைவி. மகள் கல்யாணக் கூறைபோல மின்னிய சேலையோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அண்ணையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பத்து ஐம்பதுக்கு வாசல் மணி அடித்தது. அழைத்தும் வரமாட்டேன் என்றிருந்த வாத்தியார் நின்றார், கையில் ஈரத்துணி சுற்றிய பொட்டலம்.

"நீர் வாங்கியிருக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். விடியவே டூட்டிங்குக்குப் போனனான்."

அண்ணை ஒவ்வொரு இலையாகத் துடைத்துத் தட்டத்தில் அடுக்கினார்.

"இதுக்காக நான் கட்சி மாறமாட்டன், கண்டீரோ," என்றார் கடைசி இலையை வைத்தபடி.

"ஓம், ஓம். முதல்ல தட்டத்தைக் கொண்டுபோம்."

தையில் அன்னம் தோற்றது. மறுநாள் வாத்தியார் கடைக்கு வந்து, தேர்தலைப் பற்றி மூச்சும் விடாமல் பாண் எடுத்தார். அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. என்ன வாய் திறவாமல் நிற்கிறீர் என்று கிழங்கைக் கையில் எடுத்தார்.

அந்த வருஷம் எங்கள் வீடுகளில் பேச்சே செத்துப்போயிருந்தது. போரின் கடைசி மாதங்களில் எல்லாரும் ஊரில் யாரையாவது பறிகொடுத்திருந்தோம். அண்ணையின் கடையில்தான் மனிதச் சத்தம் கேட்டது. வீட்டில் பால் இருந்த நாட்களிலும் நான் பால் வாங்கத்தான் போனேன்.